சிந்து நதி அணைச் சண்டை செய்தியில் வந்தால் எதைப் பார்ப்பது?

"பாகிஸ்தானுக்குத் தண்ணீரை நிறுத்தியாச்சு" என்று ஒரு செய்தி வந்தால் போதும், பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் பதறுகிறார்கள், அந்த அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

முதலில் எந்த ஆறு என்று பாருங்கள். 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தம் தண்ணீரை டி.எம்.சி. கணக்கில் பங்கு போடவில்லை, ஆறுகளையே பிரித்துக் கொடுத்தது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. பின்னால் சொன்ன மூன்றிலும் இந்தியா நீர்மின் நிலையம் கட்டலாம், ஆனால் ஓடுகிற தண்ணீரில் மின்சாரம் எடுத்துவிட்டுக் கீழே அனுப்பிவிட வேண்டும். பக்லிஹார், கிஷன்கங்கா, ராட்லே என்று அடிக்கடி காதில் விழும் பெயர்கள் எல்லாம் இந்த வகைதான்.

அடுத்து, கொள்ளளவு. மெகாவாட்டைப் பார்த்து மிரள வேண்டாம், அது தேக்கும் அளவைச் சொல்லாது. செனாப் மீதுள்ள பக்லிஹாரில் மின் உற்பத்திக்காகத் தேக்கி விடும் நீரின் அளவை இந்தியா 3.75 கோடி கன மீட்டர் என்று வைத்தது, அதாவது சுமார் 1.3 டி.எம்.சி. இதை வெள்ளக்காலத்தோடு ஒப்பிடுங்கள்: விநாடிக்கு 55,000 கன அடி ஓடினால் ஒரே நாளில் 4.75 டி.எம்.சி. போய்விடும், அந்த வேகத்தில் இந்தத் தேக்கம் ஏழு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஆனால் குளிர்காலத்தில், ஆறு சுருங்கிக் கிடக்க, பாகிஸ்தான் பஞ்சாபில் கோதுமைக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில், அதே 1.3 டி.எம்.சி.யைப் பிடித்து வைத்தால் கீழே கால்வாய்க்காரருக்கு வலிக்கும். அதனால் எந்த மாதம் என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். சண்டையின் உயிர்நாடி நீரின் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

அப்புறம் மதகு. செய்தியில் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான், நான் முதலில் தேடுவதும் இதைத்தான். இமயமலை ஆறுகள் வண்டலை அள்ளிக்கொண்டு வரும். அடியில் மதகு இருந்தால் தேக்கத்தை இறக்கி வண்டலை வெளியே தள்ளலாம், இல்லாவிட்டால் அணை சீக்கிரம் தூர்ந்துபோகும், செனாப் மீதுள்ள சலால் அணைக்கு அந்தக் கதிதான் வந்தது. ஆனால் அடிமதகு இருக்கிறது என்றால் மேலே இருப்பவர் நினைத்த நேரத்தில் தேக்கத்தைக் காலிசெய்து மறுபடி நிரப்பவும் முடியும், பாகிஸ்தானின் பயம் அங்கே. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புகளே முரண்பட்டன: 2007-ல் பக்லிஹார் விஷயத்தில் நடுநிலை நிபுணராக இருந்த சுவிஸ் பொறியாளர் ரேமண்ட் லஃபீட் அடிமதகுகளை ஏற்றுக்கொண்டு, தேக்கும் அளவை மட்டும் 3.256 கோடி கன மீட்டராகக் குறைத்தார். 2013-ல் கிஷன்கங்கா வழக்கில் நடுவர் மன்றம், இனிமேல் கட்டும் அணைகளில் அவசரம் தவிர வண்டல் தள்ளுவதற்காக நீர்மட்டத்தை டெட் ஸ்டோரேஜுக்கு (மின் உற்பத்திக்கு எடுக்காமல் அடியில் விட்டுவைக்கும் நீருக்கு) கீழே இறக்கக்கூடாது என்றது.

சரி, புகார் எந்தப் படியில் நிற்கிறது? இரு நாட்டு ஆணையர்கள் பேசுவது முதல் படி, தொழில்நுட்பக் கருத்து வேறுபாட்டுக்கு நடுநிலை நிபுணர், சட்டத் தகராறுக்கு நடுவர் மன்றம். 2016-ல் கிஷன்கங்கா, ராட்லே பற்றி பாகிஸ்தான் மன்றத்தைக் கேட்க, இந்தியா நிபுணரைக் கேட்க, ஒப்பந்தத்துக்கு இடைநின்ற உலக வங்கி 2022-ல் இரண்டையுமே அமைத்தது, என் பார்வையில் இது பெரிய குழப்பத்துக்கு வழிவிட்டது. இந்தியா மன்றத்தை ஏற்கவில்லை, அங்கே போகவும் இல்லை. எனவே "சர்வதேசத் தீர்ப்பு" என்று படித்தால் எது கொடுத்தது, மன்றமா நிபுணரா என்று பாருங்கள்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள் இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒப்பந்தத்திலோ, இரு அரசுகளும் சேர்ந்து புது ஒப்பந்தம் போடும்வரை பழையது நீடிக்கும் என்றுதான் இருக்கிறது; ஒரு தரப்பு தனியாக நிறுத்திவைக்க அதில் வழி சொல்லப்படவில்லை. அறிவிப்பு ஒரே நாளில் வரலாம், ஆனால் செனாப்பை உண்மையிலேயே மடக்கப் பெரிய தேக்கமும் கால்வாயும் சுரங்கமும் வேண்டும், அவை கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே இனி "நிறுத்தியாச்சு" என்று வந்தால், பாகிஸ்தானுக்குள் செனாப் நுழைந்ததும் வரும் மராலா தடுப்பணையில் அந்த வாரம் விநாடிக்கு எத்தனை கன அடி வந்தது என்று தேடுங்கள். ஒரு நாள் குறைந்து மறுநாள் ஏறியிருந்தால் மேலே தேக்கத்தை நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் குறைந்தே இருந்தால் மழை, பனிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.