கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

நம்ம ஊருக்கு ஒரு திட்டம் வருகிறது என்ற சேதி டீக்கடையில்தான் முதலில் காதில் விழும். யாரோ நிலம் அளக்கிறார்கள், வாய்க்கால் ஓரம் கல் நட்டிருக்கிறார்கள் என்பார்கள். உடனே போராட்டத்துக்கு நாள் குறிக்கத் தோன்றும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் அது எந்த வகைத் திட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர்மக்களின் கருத்தைக் கேட்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமா, அதில் உங்களுக்குப் பேச இடம் இருக்கிறதா என்பதே அதைப் பொறுத்ததுதான்.

2006 செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அதன்படி ஏ பிரிவுத் திட்டங்கள் அனுமதிக்காக டெல்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகும், பி பிரிவு சென்னையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். பி-யிலும் பி1, பி2 என்று இரண்டு உண்டு. பி2 என்று முத்திரை விழுந்துவிட்டால் கருத்துக்கேட்பே கிடையாது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயுத் தேடலை இந்த பி2-வுக்குத்தான் தள்ளினார்கள், எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடிய நெடுவாசலும் கதிராமங்கலமும் பார்த்த நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் காவிரி டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, தாமிர உருக்காலை, இரும்பு உருக்காலை, தோல் பதனிடுவது, கப்பல் உடைப்பது போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க மண்டலத்துக்குள் தடை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அது தொடாது, சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை போன்றவற்றையும் தடுக்காது. வேளாண் மண்டலம் ஆகிவிட்டதே, இனி பயமில்லை என்று இருந்துவிட வேண்டாம். இன்னொன்று, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் போகும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், ஆனால் அவற்றுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது.

சரி, கருத்துக்கேட்பு உள்ள திட்டம்தான் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் உயர் அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். அந்த 30 நாள்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம். திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும், சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். விளம்பரம் வந்த முதல் வாரத்திலேயே இரண்டு பேராகப் போங்கள். கேட்டால் ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். அப்படிச் சொன்னால் அதையே ஒரு மனுவாக எழுதிக்கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள். இப்போது அந்த இடம் எப்படி இருக்கிறது என்று நீர், மண், காற்று, பயிர் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருப்பது அதில்தான், டெல்டாவில் அறிக்கை தடுமாறுவதும் பெரும்பாலும் அதில்தான். காரணம் எளிது. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் அளவீடு இருந்தாலே போதும் என்பது நடைமுறை. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், ஆக மார்ச்சிலிருந்து மே வரை வந்து பார்த்தால் வாய்க்கால் எல்லாம் காய்ந்து கிடக்கும். நம்ம ஊரின் பிரச்சினையோ ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில், சம்பா பயிர் தண்ணீருக்குள் நிற்கும்போது.

நான் ஒருமுறை படித்த அறிக்கையில், திட்ட இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்கு நீர்நிலை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். படம் ஏப்ரலில் எடுத்தது. அந்தப் படத்திலேயே மூலையில் ஒரு சின்ன மதகின் சுவர் தெரிந்தது, பக்கத்தில் கோரை காய்ந்து சாய்ந்து கிடந்தது. அது அந்தப் பக்கத்து வயல்களின் வடிகால். வருவாய்த் துறையின் புலப்படத்தை, அதாவது சர்வே எண் வாரியான நில வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் சர்வே எண்ணோடு வாய்க்கால் என்றே பதிவாகி இருந்தது. நவம்பரில் அதே மதகுக்கு மேல் தண்ணீர் போகிற படம் ஒன்று பக்கத்து வயல்காரர் போனில் இருந்தது. புலப்படமும் அந்தப் படமும் சேர்ந்து மனுவோடு போயின, மற்ற எந்தப் பேச்சையும் விட அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டி வந்தது. கிராம வரைபடம், புலப்படம், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடு மூன்றையும் அறிக்கையின் வரைபடத்தோடு வைத்து ஒத்துப் பாருங்கள், இதைச் செய்ய இன்ஜினியர் வேண்டாம், ஊர்த் தண்ணீர் பாய்ச்சும் ஆள் ஒருவர் போதும்.

மனுவில் ‘விவசாயம் அழிந்துவிடும்’ என்று மட்டும் எழுதினால், ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். இத்தனையாம் பக்கம், இந்த சர்வே எண், இந்த வாய்க்கால், இது எத்தனை ஏக்கருக்கு வடிகால், இதை மூடினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம் போதும். ஐந்தாம் அத்தியாயத்தில் மாற்று இடங்கள் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள், பல சமயம் அரைப் பக்கம்தான் இருக்கும், அதையும் கேளுங்கள்.

கூட்டத்தன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று கணக்கு கிடையாது, அதனால் புறக்கணித்துவிட்டு வெளியே நின்றால் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். எல்லாம் வீடியோ எடுக்கப்படும். பேசும்போது பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள், பேசியதையே எழுத்திலும் கொடுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அப்போதுதான் பாதிப்பேர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவார்கள், தயவுசெய்து உட்காருங்கள். விட்டுப்போனதை அங்கேயே சொல்லிச் சேர்க்க வைக்கலாம்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் போடும் தீர்மானத்தால் மட்டும் திட்டம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் வேண்டாம் என்று 2013-இல் கிராம சபைகள் சொன்னது எடுபட்டதற்கு வன உரிமைச் சட்டம் துணை இருந்தது, நம்ம சமவெளிக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் போடுங்கள். ‘எதிர்க்கிறோம்’ என்று நிறுத்தாமல், ஊராட்சியின் குளம், வடிகால், குடிநீர்த் தொட்டி எதுவெல்லாம் பாதிக்கப்படும் என்று பட்டியல் போட்டு எழுதி, நகலை வாரியத்துக்கும் ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உள்ளாட்சி அமைப்பே முத்திரையோடு சொன்ன கருத்து கோப்பில் இருப்பது பின்னால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை உதவும்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் அதன் நகல் ஊராட்சிக்கு வரும், வந்த நாளிலிருந்து 30 நாள் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்குப் போடாவிட்டாலும் அனுமதியின் நிபந்தனைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றை நிறைவேற்றியதாக நிறுவனம் ஒவ்வொரு ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும் அறிக்கை தர வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டிசம்பர் அறிக்கை கைக்கு வந்ததும், அதில் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லும் வடிகாலை மழை நிற்பதற்குள் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.