மாற்றுத்திறனாளி கொடுப்பனவும் நட்டஈடும்: சட்ட உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியின் மேசையில் ஒரு கோவையை வைத்து, "இவருக்குக் கிடைக்க வேண்டிய காசை எடுத்துத் தாங்கோ சேர்" என்று சொல்வதுதான் முதல் தவறு. எந்தக் காசு? விபத்திலோ நோயிலோ உடல் முடங்கிய ஒருவருக்கு இலங்கையில் ஐந்து வேறு இடங்களிலிருந்து பணம் வரலாம். வழியும் வேறு, கெடுவும் வேறு. சில வழிகளுக்குச் சட்டத்தரணியே தேவையில்லை.

வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பிரதேச செயலகத்தின் வழியாக வருவது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. இதற்குக் கிராம உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் போதும். விண்ணப்பம் நிரப்பவென்று சட்டத்தரணிக்குக் காசு கொடுப்பது வீண். வேலையில் அடிபட்டவருக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதை விசாரிப்பவர் நட்டஈட்டு ஆணையாளர். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர் 55 வயது (பெண்ணென்றால் 50) வரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் நிரந்தர இயலாமைக்கான காப்புறுதி உண்டு. கடைசியாக, வேறொருவரின் கவனயீனத்தால் நேர்ந்ததென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு.

சேமலாப நிதியை எடுத்தால் நட்டஈடு கிடைக்காதென்று பயந்து இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. சேமலாப நிதி உங்கள் சொந்தச் சேமிப்பு. ஒன்றையொன்று மறிப்பது ஆணையாளரிடம் கேட்கும் நட்டஈடும் அதே விபத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் போடும் வழக்கும்தான். இரண்டிலும் சேர்த்துக் கேட்க முடியாது. எது லாபம் என்பதைத்தான் சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டும். ஆணையாளரிடம் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்தது என்று காட்டினால் போதும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2022 திருத்தத்தில் அது 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக ஏறியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அப்போதுதான் உள்ளே வந்தது. நீதிமன்றத்தில் தொகை கூடலாம், ஆனால் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும், ஆண்டுகளும் இழுக்கும். இரண்டு வழிக்கும் கெடு 2 ஆண்டு. "முதல்ல சுகமாகட்டும், பிறகு பார்ப்பம்" என்று இருந்தே பலருக்கு இந்த 2 ஆண்டும் போய்விடுகிறது.

கொழும்பில் கட்டட வேலை, களஞ்சிய வேலை, துறைமுகம் பக்கத்துச் சுமை தூக்கும் வேலை என்று நட்டஈட்டுக் கோரிக்கை கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: விபத்து நடந்த அன்றைய வாக்குமூலம். ஒருவர் சாரத்திலிருந்து விழுகிறார். வைத்தியசாலைக்குக் கொண்டுவந்த மேற்பார்வையாளர் "வழுக்கி விழுந்திட்டார்" என்கிறார். அனுமதிக்கும்போது அதுவே எழுதப்படுகிறது. பொலிஸ் வந்து சிங்களத்தில் வாக்குமூலம் எழுதுகிறது. வலியோடு கிடப்பவர் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறார். ஆறு மாதம் கழித்து ஆணையாளர் முன் "பலகை உடைந்தது, வேலைத்தலத்தில், காலை பத்து மணிக்கு" என்று சொன்னால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார். தனக்கு விளங்காத மொழியில் கையெழுத்து வைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தருகிறது, கொழும்பிலும்தான். அன்று தமிழில் எழுத ஆளில்லையென்றால், கையெழுத்துக்கு மேலே "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் விளக்கப்படவில்லை" என்று சொந்தக் கையால் தமிழில் ஒரு வரி எழுதலாம். வாக்குமூலத்தில் இருக்க வேண்டியவை: நேரம், இடம், யார் சொல்லி அந்த வேலையைச் செய்தார், எது உடைந்தது அல்லது இயங்கவில்லை, பக்கத்தில் யார் நின்றார்.

அடுத்தது "மேன்பவர்" ஆட்கள், அதாவது இடையில் ஒருவர் மூலம் வேலைக்கு அனுப்பப்படுபவர்கள். சம்பளம் கொடுத்தவர் ஒரு சப் கொன்ட்ராக்டர்; விபத்துக்குப் பிறகு அவருடைய போன் வேலை செய்யாது. அத்தோடு விட்டுவிடக் கூடாது. தன்னுடைய வழமையான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்குக் கொடுத்த பிரதான நிறுவனத்திடமும் நட்டஈடு கோரச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் வேலைத்தலப் பெயர்ப்பலகையைப் படமெடுத்து வையுங்கள். கேட் பாஸ், வருகைப் பதிவு, வட்ஸ்அப்பில் வந்த வேலை உத்தரவு எதையும் அழிக்காதீர்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயமென்றால், 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி அதைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. அறிவிக்கவில்லையென்று தெரிந்தால் நீங்களே தொழில் திணைக்களத்துக்கு எழுதுங்கள். பொறியியலாளர் வந்து பார்த்து எழுதும் அறிக்கையைவிடப் பலமான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

நட்டஈடு சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். பே சீட்டில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டி, மிச்சத்தைக் கையில் கொடுக்கும் இடங்கள் ஏராளம். வங்கிப் புத்தகம், கைப்பட எழுதிய கணக்குத் துண்டு, கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் சேருங்கள். வேலைத்தலத்தில் தந்த சாப்பாடு, தங்குமிடம் என்பனவும் பணமதிப்பாகக் கணக்கில் வரலாம் என்பதைச் சட்டத்தரணிக்கு நினைவூட்டுங்கள். கட்டிலருகே வந்து ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ தந்து "இனி ஒரு கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்குவார்கள். அப்படி உரிமையை எழுதிக் கொடுப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. ஆனாலும் அந்தத் தாளை உடைக்கவே சில தவணைகள் போய்விடும். வாங்கத்தான் வேண்டுமென்றால் "வைத்தியச் செலவுக்காக" என்று எழுதி வாங்குங்கள்.

வைத்தியச் சான்றிதழிலும் ஒரு பிடி இருக்கிறது. "வலது கையில் முறிவு, சத்திரசிகிச்சை செய்யப்பட்டது" என்றால் அது நோயின் பெயர் மட்டும்தான். கோரிக்கைக்கு வேண்டியது இழப்பு: "வலது கையால் பிடிக்க முடியாது, தோளுக்கு மேல் உயர்த்த முடியாது, இது நிரந்தரமானது, மேசன் வேலைக்குத் திரும்ப முடியாது." நிரந்தரமா தற்காலிகமா, முழுமையா பகுதியளவா, எத்தனை வீதம் என்று வைத்தியர் எழுதாவிட்டால் கோவை திரும்பி வரும். உங்கள் வேலை என்னவென்று வைத்தியருக்குச் சொல்லாமல் விடாதீர்கள். ஒரு விரல் போவது கணக்காளருக்கும் தையல்காரருக்கும் ஒன்றல்ல. டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் கொப்பியும் உங்களிடம் இருக்கும், வார்ட்டில் உங்கள் சிகிச்சையை எழுதிவைக்கும் பெட் ஹெட் டிக்கெட் வைத்தியசாலையில் இருக்கும். அதன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பொலிஸ் முறைப்பாடு இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் இருக்கும். அது பொதுவாக நோயாளியின் கைக்கு வராது, ஆணையாளரோ நீதிமன்றமோ கேட்டு எடுப்பது. முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் இல்லாமல் யாராலும் அதைத் தேட முடியாது.

எல்லா இடத்திலும் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடுவது, அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் முதலெழுத்து மாறி இன்னொரு பெயர்: இவற்றுக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. போட்டோகொப்பி கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். பெயர் பிரச்சினைக்கு "இருவரும் ஒருவரே" என்ற சத்தியக்கடதாசியோடு கிராம உத்தியோகத்தர் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

இனி ஆள் பிடிக்கும் விஷயம். நீதிமன்ற வளாகத்தின் வெளியே "நான் நல்ல லோயரிட்ட கூட்டிக்கொண்டு போறன்" என்று வருபவர் தரகர். அவருடைய பங்கும் உங்கள் காசில்தான் போகும். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமையகம் அதே புதுக்கடையில்தான் இருக்கிறது. ஆலோசனைக்குக் காசில்லை. உங்களுக்காக வழக்குப் பேச வருமான எல்லை பார்ப்பார்கள். அதனால் வருமானத்துக்கான கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் இல்லாமல் போவது ஒரு நாளை வீணாக்குவது. தனியார் சட்டத்தரணியென்றால் மொத்தத் தொகையா, தவணைக்குத் தவணையா, டைப்பிங், முத்திரை, வைத்தியரின் சாட்சிக் கட்டணம் இதற்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டும் காசுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வழக்கில் ஒருவருக்குப் புரொக்சி (உங்களுக்காக வழக்கில் நிற்க அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தபின் அதை இரத்துச் செய்யாமல் இன்னொரு சட்டத்தரணி உங்கள் பெயரில் பத்திரம் தாக்கல் செய்ய முடியாது. கோபத்தில் ஆளை மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாதாந்தக் கொடுப்பனவை மறுத்துவிட்டார்கள் என்றால் பலர் "ஏன் எனக்குத் தரவில்லை?" என்று தகவல் அறியும் விண்ணப்பம் போடுவார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கொடுப்பது அலுவலகத்தில் இருக்கும் பதிவுகளை, விளக்கத்தை அல்ல. கேள்வியை இப்படி எழுதுங்கள்: "எனது விண்ணப்பத்தின் மதிப்பீட்டுத் தாள், நிராகரிப்பைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பு, அதற்கு அடிப்படையான சுற்றறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைத் தருக." தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு.

ஆனால் அந்தப் பதில் வரும்வரை காத்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அரச அலுவலகம் பாரபட்சமாக நடந்ததென்று அடிப்படை உரிமை மனுப் போடுவதானால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு 1 மாதத்துக்குள் போக வேண்டும். 14 வேலை நாள் என்பதே கிட்டத்தட்ட மூன்று கிழமை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. இது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. வெறும் முறைப்பாடு போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பார்ப்பதால், பற்றுச்சீட்டோடு நின்றுவிடாமல் முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கேட்ட கடிதங்களின் பிரதியையும் பதிவுத் தபால் துண்டையும் ஒன்றாகக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை நிலுவையில் இருந்ததென்று பிறகு காட்டச் சட்டத்தரணிக்கு அவைதான் உதவும்.