சேட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளை ஓடியாட வைக்க முனைவோர் செய்யும் தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, மைதானம் பிடித்து, சட்டை அச்சிட்டு, வாழ்த்துரைகளுடன் ஒரு நடை விழா நடத்திவிட்டால் பிள்ளைகளின் உடல்பருமனுக்கு எதிராக ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவு நம் சங்கங்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நானும் அப்படிப்பட்ட விழாக்களுக்கு நாற்காலி சுமந்தவன் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள், மூச்சு சற்றே வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆண்டுக்கொரு விழா அந்தக் கணக்கில் ஒரு நாளைத்தான் நிரப்பும்.

இதன் அடியில் இன்னொரு தவறு இருக்கிறது. பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அவர்களுக்கு ஊக்க உரை ஆற்றப் புறப்படுகிறோம். ஆனால், 1960களில் இந்தியர்களுக்கென ஒதுக்கி எழுப்பப்பட்ட, டர்பனின் சேட்ஸ்வொர்த் போன்ற மேடும் பள்ளமுமான குடியிருப்புகளில், பள்ளி விட்டு வரும் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் ஆயா (பாட்டி) அவனைக் கெடுக்கவில்லை. தெருவில் விரையும் வண்டிகளுக்கும் திருட்டுக்கும் அஞ்சுகிறாள். குளிர்காலமான ஜூன் மாதத்தில் இங்கே மாலை 5 மணி கடந்ததும் சூரியன் மறைந்துவிடுவதால், பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்போது விளையாட வெளிச்சம் மிஞ்சுவதில்லை. ஆகவே குழு முதலில் விடை காண வேண்டியவை மூன்று: எந்த இடம், எந்த நேரம், எந்தப் பெரியவர் பார்த்துக்கொள்வார். கோயில் முற்றமும் மண்டபமும் வார நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலோ பிள்ளைகளை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் ஓடுவதில்லை என்று நாமே வருந்துகிறோம்.

மிகுந்த தீங்கு செய்வது, எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பது. மருத்துவ முகாம் என்ற பெயரில் வரிசையாக நிறுத்தி, எண்ணை உரக்கச் சொல்லி, "குண்டு" என்ற சொல் ஒருமுறை எழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுவாரம் வரமாட்டாள். எவளுக்காகத் தொடங்கினோமோ அவளையே இழந்துவிடுகிறோம். வளரும் பிள்ளையின் எடையை வயது, பாலினம், உயரம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும் என்பதால், வெறும் கிலோ கணக்கு எதையும் சொல்லாது. அளப்பது கிளினிக் சிஸ்டரின் (செவிலியரின்) வேலையாக, மூடிய கதவுக்குள் நடக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எடை குறைப்பு உணவுமுறை வகுத்துத் தருவதும் அத்தகைய அத்துமீறலே. பல பிள்ளைகளுக்கு எடை அதே அளவில் நிற்க, உயரம் கூடுவதே போதுமானது, அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மறுபுறம், ஒல்லியாகத் தெரியும் பிள்ளைக்குக் கவலையில்லை என்று விட்டுவிடுவதும் நமக்குப் பொருந்தாது. இந்திய வம்சாவளியினர் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்புள்ளவர்கள். 2016ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 13 விழுக்காட்டினர் மிகை எடையுடனும் 27 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரமின்றியும் இருந்தனர். இரண்டும் ஒரே தெருவில் இருக்கக்கூடும் என்பதால், விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்க வேண்டும், "பருமனானவர்களுக்கான வகுப்பு" என்று பெயரிடப்படக்கூடாது.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்குகிறோம். ஓட்டப்பந்தயத்தில் மூவருக்குப் பதக்கம். மற்றவர்களுக்குக் கைதட்டும் வேலை. தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களில், மெதுவாக ஓடும் பிள்ளைதான் முதலில் வெளியேறி நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். யாருக்கு ஓட்டம் மிகவும் தேவையோ அவருக்கே ஓய்வு கிடைக்கும் ஏற்பாடு இது. கல்லா மண்ணா போன்ற ஆட்டத்தில் பிடிபட்டவரே அடுத்துப் பிடிப்பவராவதால் எவரும் ஓரங்கட்டப்படுவதில்லை. கிரிக்கெட்டும் கால்பந்தும் மட்டுமே விளையாட்டு என்று கருதுவதால் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் சத்தமின்றி விலகிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கமின்றி இருந்தனர். பெண்களில் அது 85 விழுக்காடு. கும்மியும் கோலாட்டமும் பரதநாட்டியப் பயிற்சியும் மூச்சு வாங்க வைக்கும் உடலியக்கங்களே. அவற்றைக் கலை நிகழ்ச்சிக் கணக்கில் மட்டும் எழுதி வைப்பது நம் பிழை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆடி முடித்ததும் பரிசாகக் கூல்டிரிங்க் கொடுப்பதை நிறுத்த வேண்டும். 330 மில்லி கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, அதாவது 140 கலோரி இருக்கிறது. 30 கிலோ எடையுள்ள சிறுவன் அரை மணி நேரம் ஓடியாடிச் செலவழிப்பதோ சுமார் 100 கலோரி. தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் 1 முதல் சர்க்கரை பானங்களுக்கு வரி உண்டு. சர்க்கரை சேர்க்காத முழுப் பழச்சாற்றுக்கு அந்த வரி இல்லை என்பதைக் கொண்டு அதை அளவின்றி ஊற்றுவதும் சரியன்று, அதிலுள்ள இயல்பான சர்க்கரையும் ஏறக்குறைய அதே அளவுதான். புரட்டாசி விரதம் என்பதால் மரக்கறி உணவெல்லாம் இலகுவானது என்று எண்ண வேண்டாம். எண்ணெயில் பொரித்த வடையும் அரை ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பன்னியும் மரக்கறிதான். தண்ணீர்க் குடமும், அறுத்த தர்பூசணியும், டிசம்பர் மாதக் கோடை வெயிலில் நிழலும் போதும்.

கடைசியாக ஒன்று, ஏனெனில் கோயில் முற்றத்தில் பிள்ளைகளை விளையாட வைக்கும் எங்கள் முயற்சி ஒருமுறை நின்றுபோனது இதனால்தான். முற்றத்தின் சாவி ஒரே தொண்டரிடம் இருந்தது. அவர் மகள் வீட்டுக்கு ஜோகன்னஸ்பர்க் போன மூன்று வாரங்களில் பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். நான்காம் வாரம் கதவு திறந்தபோது ஆறு பேர்தான் வந்தார்கள். இப்போது மூன்று குடும்பங்களிடம் சாவி இருக்கிறது. யார் எந்த நாள் என்பது மண்டபச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.