பெற்றோரை இழந்த பிள்ளைக்கு உதவும்போது டெல்டாவில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

காவிரி டெல்டா கிராமங்களில் ஒரு வீட்டில் அப்பாவோ அம்மாவோ இறந்துவிட்டால், பிள்ளைகள் இனி எங்கே வளர்வார்கள் என்பது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியத்தன்றே முடிவாகிவிடுகிறது. பந்தல் பிரிப்பதற்குள் மூத்தவளைத் திருப்பூருக்கு வேலைக்கு, நடுவிலவனைத் தஞ்சாவூரில் ஏதோ ஒரு ஹோமுக்கு, கடைக்குட்டியைப் பிள்ளையில்லாத சித்தி வீட்டுக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பெற்றவரை இழந்த பிள்ளை அந்த இரண்டு வாரத்துக்குள் கூடப்பிறந்தவர்களையும் பள்ளிக்கூடத்தையும் சொந்தத் தெருவையும் சேர்த்து இழக்கிறது. முதல் தவறு இந்த அவசரம்தான். பள்ளி ஆண்டு முடியும் வரையாவது பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ், அதே ஊரில், தெரிந்த ஒருவர் பொறுப்பில் வைத்திருங்கள். அதற்குள் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

பணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை ஹோமில் விடுவது

எங்கள் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஹோம் என்பது வேறு போக்கிடமே இல்லாத பிள்ளைக்குக் கடைசி வழி. தாயோ பாட்டியோ மாமனோ வளர்க்கத் தயாராக இருந்து, சோற்றுக்கும் நோட்டுக்கும்தான் கஷ்டம் என்றால், அந்தக் குடும்பத்துக்கு உதவுவதுதான் சட்டம் சொல்லும் முறை.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்பவர்கள், பெற்றோர் கடும் நோயிலோ வேலை செய்ய முடியாத நிலையிலோ இருப்பவர்கள் இதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. இதுபோக, 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் வளர்க்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கும் அது. இரண்டும் சேர்ந்தே வரும் என்று கணக்குப் போடாமல், எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த அலகு உண்டு. கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் இடத்தைச் சொல்வார்கள்.

மனு எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்த்தால், முக்கால்வாசி நேரம் இறப்புச் சான்றிதழில்தான். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். வேலைக்குப் போன இடத்தில் திருப்பூரில் இறந்தவருக்கு மன்னார்குடியில் சான்றிதழ் கேட்டு அலைவதில் பயனில்லை. வளைகுடா நாட்டில் இறந்திருந்தால், அங்கே தந்த சான்றையும் நம் தூதரகம் தந்த காகிதங்களையும் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். கணவர் விட்டுப்போன பெண்களிடம் இறப்புச் சான்று இருக்காது. அவர்கள் கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றை வருவாய்த் துறையிடம் இ-சேவை மையம் வழியாக வாங்கலாம். அதனுடன் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பிள்ளையின் ஆதார், படிக்கும் பள்ளியின் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறு இனிஷியல் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கலெக்டர் தலைமையிலான குழு ஒப்புதல் தந்த பிறகுதான் பணம் வரும். எனவே மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்து, விடாமல் போய்க் கேட்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போவது நின்றால் உதவியும் நின்றுவிடும். குறுவை நடவுக்கோ சம்பா அறுப்புக்கோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெண்பிள்ளைகளை நிறுத்திவைப்பது இப்படித்தான் இரட்டை நஷ்டமாகிறது.

ஊர்க்காரர்களும் செய்யக்கூடியது உண்டு. ஊராட்சி அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அது கடைசியாக எப்போது கூடியது, ஊரில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு உதவி வருகிறது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை போதும்.

நிலத்தையும் பிள்ளையையும் ஒரே கையில் கொடுப்பது

இரண்டு மா நிலம் இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். தகப்பன் இறந்ததும் சாகுபடியைப் பங்காளி பார்த்துக்கொள்வார், பிள்ளையும் அவர் வீட்டிலேயே இருக்கும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பட்டா வேறு பெயரில் இருக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும், பெண்பிள்ளைகள் உட்பட, இருக்கிறதா என்று வாங்கிய அன்றே சரிபார்க்க வேண்டும். மைனரின் தனிச் சொத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பிள்ளையை வேறு குடும்பம் சட்டப்படி தத்தெடுத்தாலும், அதற்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து பிள்ளையுடையதுதான். “தத்துப் போயிட்டா இங்க பங்கு கிடையாது” என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பச்சைக் குழந்தையைக் கை மாற்றுவது

பிரசவ வார்டில் ஒருவர் மூலம் ஒருவராகப் பேசி, பெற்றவளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, பிறப்புச் சான்றிதழிலேயே வாங்குபவர்கள் பெயரைப் போட்டுவிடுவது. “அவளுக்கும் கஷ்டம் தீர்ந்தது, இவங்களுக்கும் குழந்தை கிடைச்சுது” என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 81-ஆம் பிரிவின்படி குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உள்ள குற்றம். மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை. பணம் கைமாறாவிட்டாலும், உரிய நடைமுறை இல்லாமல் ஒரு குழந்தையைத் தத்துக் கொடுப்பது 80-ஆம் பிரிவில் வரும்.

தண்டனையை விடப் பெரிய கொடுமை பிள்ளைக்கு நடக்கிறது. விஷயம் வெளியே வரும்போது குழந்தைக்கு மூன்று நான்கு வயது ஆகியிருக்கும். அம்மா அப்பா என்று அது நம்பும் இருவரிடமிருந்தும் பிரித்து, பிள்ளைகளின் பாதுகாப்பை முடிவு செய்யும் சட்டப்பூர்வ அமைப்பான குழந்தைகள் நலக் குழு வேறு இடத்தில் சேர்க்க நேரிடும். விஷயம் வெளியே வராவிட்டாலும், அந்த வீட்டுக்கும் பிள்ளைக்கும் சட்டப்படி எந்த உறவும் இல்லை.

வளர்க்க முடியாத தாய்க்கு நேர்வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. அவள் பெயர் வெளியே போகாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இப்படி ஒப்படைக்க வழி தந்ததுதான். குழந்தை கேட்பாரற்றுக் கிடந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். கண்டெடுத்தவரே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தை நம்புவது

உறவுக்குள் தத்துக் கொடுப்பது டெல்டாவில் பழைய வழக்கம். இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் 1956 அதற்கு இடம் தருகிறது. ஆனால் நிபந்தனைகளோடுதான். பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. மகன் உள்ளவர் இன்னொரு மகனையும், மகள் உள்ளவர் இன்னொரு மகளையும் தத்தெடுக்க முடியாது. ஆண் பெண்பிள்ளையை எடுத்தாலும், பெண் ஆண்பிள்ளையை எடுத்தாலும் 21 வயது இடைவெளி வேண்டும். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால் இருவர் சம்மதமும் தேவை. பெற்றோர் இருவருமே இறந்த பிள்ளையைப் பாட்டியோ மாமனோ பத்திரம் எழுதிக் கொடுத்துவிட முடியாது, முதலில் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். நோட்டரி முத்திரையோடு திருப்திப்பட்டுக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் விடுவது பின்னால் பாஸ்போர்ட்டிலும் வாரிசு வழக்கிலும் வந்து நிற்கும்.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் வேளாங்கண்ணியிலும் பலர் தங்களுக்கு வழியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதன் கீழ் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோர் உறவுமுறைத் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். 5 வயது ஆன பிள்ளையின் சம்மதமும் கேட்கப்படும்.

காத்திருப்பில் நடக்கும் பிழைகள்

ஹோமில் உள்ள, உறவு அல்லாத குழந்தையைத் தத்தெடுக்க மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையதளம் ஒன்றே வழி. எந்த ஹோமுக்கும் நேரில் போய்க் குழந்தையைத் தேர்ந்தெடுக்க முடியாது. பதிவு செய்த 30 நாளில் ஆவணங்களை ஏற்ற வேண்டும். அதன்பின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். அந்த அறிக்கை 3 ஆண்டு செல்லும். அவர் வரும் நாளில் வீட்டை அலங்கரிப்பதைவிட, கூட்டுக்குடும்பத்தில் உள்ள பெரியவர்களிடம் முன்பே பேசி வையுங்கள். மாமியாருக்கே விஷயம் தெரியாமல் இருந்தால் அறிக்கை அங்கேயே தடுமாறும்.

வயது விதியைத் தாமதமாகத் தெரிந்துகொள்வது இன்னொரு பிழை. 2 வயது வரை உள்ள குழந்தைக்குத் தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85-க்குள் இருக்க வேண்டும். 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8-க்கு 100, 8 முதல் 18-க்கு 110. பதினைந்து வருடம் சிகிச்சைக்கும் பரிகாரத்துக்கும் அலைந்துவிட்டுப் பதிவு செய்பவர்கள், கைக்குழந்தைக்கான வரம்பைத் தாண்டித்தான் வருகிறார்கள். சிறு குழந்தைக்குக் காத்திருப்பே மூன்று ஆண்டுக்கு மேல் போகிறது. முறை வந்து குழந்தையின் விவரம் அனுப்பப்பட்டால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். ஜோசியரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அந்த நேரத்தைக் கடத்தாதீர்கள். மருத்துவ அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுவதற்கே அந்த இரண்டு நாள் வேண்டும்.

2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையைக் கலெக்டரே பிறப்பிக்கிறார், நீதிமன்றம் அல்ல. கட்டணங்கள் காரா நிர்ணயித்தவை மட்டுமே. ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தராதீர்கள்.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது வேறு. 6 வயதுக்கு மேற்பட்ட, தத்துக்குப் போகாத பிள்ளைகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு குடும்பம் வளர்ப்பது அது. 2024-இன் புதிய வழிகாட்டுதல்படி 2 ஆண்டு வளர்த்த பிறகு, பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி விடுவித்திருந்தால் தத்தெடுக்கக் கேட்கலாம். தத்துக்குக் குறுக்குவழி என்று நினைத்து இதில் இறங்குபவர்கள், பிள்ளை தன் தாயிடம் திரும்பும் நாளில் நொறுங்கிப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஏழெட்டு வயதுப் பிள்ளை வந்த முதல் வாரமே சொந்தபந்தத்தைக் கூட்டி விருந்து வைப்பது, பெயரை மாற்றுவது, ஆங்கில வழிப் பள்ளியில் போடுவது மூன்றையும் தள்ளிப்போடுங்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் அது கூடவே கொண்டுவந்த சொத்து. தலையணை உறைக்குள் பிஸ்கட்டோ, காய்ந்துபோன இட்லியோ ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தால் திருட்டு என்று அதட்டாதீர்கள். அடுத்த வேளை சாப்பாடு வரும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கைக்கு எட்டும் அலமாரியில் ஒரு டப்பாவில் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்து, இது உன்னுடையது, கேட்காமல் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். டப்பாவைக் காலியாகவிடாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள். ஒளித்துவைப்பது மெதுவாகக் குறையும்.

கைக்குழந்தையாக வந்தவர்களிடம் உண்மையை மறைப்பது நம் ஊரில் நடக்கவே நடக்காது. தெருவுக்கே தெரிந்ததைப் பிள்ளையிடம் மட்டும் மறைத்தால், ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு கிழவி வாயிலிருந்து அது கேட்கும். மூன்று நான்கு வயதிலேயே தூங்கவைக்கும்போது சொல்லும் கதையாக ஆரம்பியுங்கள். தன் வேரைத் தேடும் உரிமை சட்டப்படி பிள்ளைக்கு உண்டு.

ஹோமில் வளரும் பிள்ளைகளுக்கு

பிறந்தநாள் கேக்கோடு போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. போகும் முன் அந்த இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ஒருநாள் பிரியாணியைவிட, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாராவாரம் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவது அதிகம் உதவும்.

பதினெட்டு வயது ஆனதும் வெளியே அனுப்பிவிடுவதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு, அதிலும் மாதம் 4,000 ரூபாய். பதினேழு முடிவதற்குள் ஆதார் புதுப்பிப்பு, வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். சாதி தெரியாது என்பதற்காகப் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்க வைப்பது பரவலான பிழை. 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு இல்லத்திலோ அங்கீகரிக்கப்பட்ட இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவர்கள் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். தகுதியைப் பார்த்துத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடும், கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. விடுதி மூடும் பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் அந்தப் பிள்ளை எங்கே தங்கும் என்பதையும் கல்லூரியில் சேர்க்கும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.