ஹாட் டப் தண்ணீர் கெடாமல் இருக்க

ஹாட் டப், அதாவது ஜெட் துளைகள் தண்ணீரைப் பீய்ச்சும் சுடுநீர்த் தொட்டியில், தண்ணீர் கலங்கியதும் எல்லாரும் குளோரின் டப்பாவைத்தான் எடுக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டுத் தொட்டி பெரும்பாலும் 1,000 லிட்டரிலிருந்து 1,500 லிட்டர் வரைதான் பிடிக்கும். கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நீச்சல் குளத்தில் நாலு பேர் இறங்கினால் ஒன்றும் தெரியாது, ஆனால் இந்தச் சின்னத் தொட்டியில் 38 டிகிரிச் சூட்டில் அதே நாலு பேர் அரைமணி நேரம் உட்கார்ந்தால் வேர்வை, தலையெண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான் போகும். இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

போன தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள், தலையில் இன்னும் நல்லெண்ணெய் மிச்சமிருக்க எங்கள் தொட்டியில் இறங்கிவிட்டார்கள். மாலையில் ஜெட்டைப் போட்டால் நுரை விளிம்பு வரை ஏறுகிறது. நீர்மட்டத்தைச் சுற்றிலும் விரல் வைத்தால் வழுக்கும் ஒரு பழுப்புக் கோடு. எவ்வளவு குளோரின் போட்டும் அடங்கவில்லை, தண்ணீரை முழுக்க இறக்கித்தான் சரிசெய்தோம்.

சரி, புதுத் தண்ணீர் நிரப்பியாச்சு. நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்ப்பதால், சோதனைப் பட்டையில் டோட்டல் குளோரின், அதாவது மொத்தக் குளோரின், கொஞ்சம் காட்டும், எதோடும் சேராமல் தனித்திருக்கும் ஃப்ரீ குளோரின் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும். கிருமியை வேகமாகக் கொல்வது ஃப்ரீ குளோரின்தான். ஆனால் அதற்கு முன் ஆல்கலினிட்டியை, அதாவது பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மையை, பார்க்க வேண்டும், 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வேண்டும். குறைந்தால் தேக்கா சந்தையில் கிடைக்கும் ஆப்பசோடாவே போதும்: 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் சுமார் 10 பிபிஎம் ஏறும். அது நிலைத்த பிறகு பிஎச் (அமில, கார அளவு), 7.2 முதல் 7.8 வரை. ஜெட் ஓட ஓடக் கரியமில வாயு வெளியேறி பிஎச் தானாக ஏறும், அதனால் நமக்குப் பெரும்பாலும் பிஎச் குறைக்கும் தூள்தான் தேவைப்படும். கடைசியாகக் குளோரின், 3 முதல் 5 பிபிஎம். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கலைந்துகொண்டே இருக்கும்.

மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது அழுக்கோடு சேர்ந்து தேய்ந்துபோன குளோரினின் வாடை, அதாவது போதவில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து வைத்து, ஜெட்டை ஓடவிட்டு ஷாக் தூள் (தேங்கிய அழுக்கையும் தேய்ந்த குளோரினையும் தீர்க்கும் வலுவான தூள்) போடுங்கள். குளோரின் அளவு மறுபடி குறையும் வரை யாரும் தொட்டியில் இறங்க வேண்டாம். இதில் சோம்பல் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் சூடோமோனஸ், லெஜியோனெல்லா என்ற இரண்டு கிருமிகளும் நன்றாக வளரும். முன்னது தோலில் சிவந்த கொப்புளம் கொண்டுவரும், பின்னது ஆவியோடு நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் உள்ள வீட்டில் இன்னும் கவனமாக இருங்கள். இரண்டு வகைக் குளோரினை ஒரே பாத்திரத்தில் ஒருபோதும் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஃபில்டரை வாரம் ஒருமுறை ஹோஸ் வைத்து மடிப்பு மடிப்பாகக் கழுவுங்கள், மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவும் கரைசலில் ஊறவையுங்கள்.

மழைக்காலத்தில் மூடியின் மேலே தேங்கும் தண்ணீரைத் தினமும் துடைத்துவிடுங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். தொட்டியைக் காலி செய்து வைத்தால் அடியில் நிற்கும் ஒரு கை தண்ணீரையும் விடாதீர்கள்.

தண்ணீரை எப்போது மாற்றுவது? லிட்டரை 12-ஆல் வகுத்து, அதைத் தினமும் இறங்குபவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 1,200 லிட்டர், இரண்டு பேர் என்றால் 50 நாள். டைகுளோர் தூள் (ஒரு வகைக் குளோரின்) பயன்படுத்துபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் அதிலுள்ள சயனூரிக் அமிலம் தேங்கித் தேங்கிக் குளோரினின் வேகத்தை மந்தமாக்கும். அப்புறம், பழைய தண்ணீரை வாசலில் உள்ள மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள், அது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. குளியலறைக் கழிவுக் குழாயில் விடுங்கள்.