வேலை கிடைத்ததோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்

ஒரு நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் ஐம்பது பேருக்குப் பணி நியமன ஆணை கொடுத்தால் மறுநாள் படத்தோடு செய்தி வரும். ஐந்து வருடம் கழித்து அந்த ஐம்பதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒரு படியாவது ஏறினார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. நடக்கும் தவறுகளில் பாதி, அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

எண்களைப் படிப்பதிலிருந்தே தொடங்கலாம். 2018-ன் பிற்பாதியில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்றில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை விகிதம் 4.2 சதவீதம். ‘பரவாயில்லையே’ என்று சொல்லத் தோன்றும். அதே ஆய்வில், வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே 23.8 சதவீதம்தான். வேலையின்மை விகிதம் இந்தக் கால்வாசிப் பேருக்குள் மட்டும் போடப்படும் கணக்கு. ஏறி இறங்கிச் சலித்து, வீட்டோடு இருந்துவிட்டவர் அதில் வரவே மாட்டார். முதியவர்களும் படிப்பவர்களும் மீதிப் பேரில் இருக்கிறார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் 4.2-ஐ நல்ல செய்தியாக மேடையில் சொல்ல முடியாது.

அடுத்த தவறு, ‘முதலில் பயிற்சி முடியட்டும், வேலையை அப்புறம் பார்க்கலாம்’ என்பது. மனநலப் பாதிப்பும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு இதுதான் அதிகம் நடக்கிறது. காகிதப் பை, மெழுகுவத்தி, ஊதுவத்தி என்று வருடக்கணக்கில் பயிற்சிக் கூடத்திலேயே காலம் போய்விடுகிறது. இதற்கு நேர் எதிரான முறை ஒன்று உண்டு. சாதாரண வேலையில் சீக்கிரமே சேர்த்துவிட்டு, அங்கேயே பழக்கி, கால வரம்பில்லாமல் உடன் நிற்பது. லண்டன், உல்ம், ரிமினி, சூரிக், குரோனிங்கன், சோஃபியா ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் கடுமையான மனநலப் பாதிப்புள்ள 312 பேரிடம் இரண்டு வழியையும் ஒப்பிட்டு, 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, நேரடியாக வேலையில் சேர உதவி பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு வேலை அமைந்தது. வழக்கமான தொழிற்பயிற்சிக்குப் போனவர்களில் 28 சதவீதம். ஆனால் அந்த 55 சதவீதத்துக்கு அளவுகோல் என்ன தெரியுமா? ஒரு நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முறையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகோலை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி வேலையிடத்துக்குள் போவோம். முதலாளிகள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள்: “இவங்க விசுவாசமான ஆளுங்க சார், வேலையை விட்டுட்டுப் போகவே மாட்டாங்க.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போக வேறு இடம் இல்லாதவரின் நிலையை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டால் சம்பள உயர்வைத் தள்ளிப்போடுவது எளிதாகிவிடும், அவ்வளவுதான்.

காது கேளாத ஒருவர் பேக்கிங் பிரிவில் இருக்கிறார் என்று வையுங்கள். ஷிப்ட் தொடங்கும்முன் சூப்பர்வைசர் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுகிறார்: இன்று எந்த ஆர்டர், எந்த சைஸ் மாறியிருக்கிறது. இவர் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்த்து வேலையைத் தொடங்குகிறார். மதியம் வாட்ஸாப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் விழுகிறது. மாலையில் தப்பான ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் திரும்பி வந்தால் பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெள்ளைப் பலகையும், குரலுக்குப் பதில் எழுத்தில் ஒரு செய்தியும் போதுமாக இருந்திருக்கும். இதைச் செய்யாமல் ‘சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்கிறார்’ என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறார்கள். அடுத்த லைன் லீடர் யார் என்று பேச்சு வரும்போது அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கும்.

அலுவலகங்களில் இதே கதை வேறு மாதிரி. பார்வையற்ற ஊழியர் என்விடிஏ என்ற இலவச திரை வாசிப்பானை வைத்துக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்து வருகிறார். ஒரு திங்கட்கிழமை மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் காதில் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் விழுகிறது. எந்தப் பொத்தானுக்கும் பெயர் கொடுக்கப்படவில்லை. “நீங்க போன் மட்டும் எடுங்க சார், போதும்” என்கிறார் மேலாளர், இரக்கத்தோடுதான். சில வருடம் கழித்து பதவி உயர்வு நேர்காணலில், கோப்பு பார்த்த அனுபவம் இல்லை என்பார்கள். வசதி என்பது சேரும் நாளில் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல. மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே, ஒவ்வொரு புதுப்பிப்பும் திரை வாசிப்பானோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தலைவலி இல்லை.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. பிரிவு 21-ன்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால், பணியில் சேர்ந்த பின் தரும் பயிற்சி, பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சி, இடமாறுதலில் முன்னுரிமை, சிறப்பு விடுப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். இவற்றைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். வேறு கம்பெனியின் கொள்கையை இறக்கி, பெயரை மாற்றி இணையதளத்தில் போட்டுவிடுவது எச்.ஆர். ஆட்கள் செய்யும் தவறு. அதைக் கேட்டு வாங்கிப் படிக்காமலே இருப்பது ஊழியர்கள் செய்யும் தவறு.

அரசுப் பணியில் இருப்பவர்கள், இட ஒதுக்கீடு நுழைவாசலோடு சரி என்று நினைத்துவிடுகிறார்கள். கேரள காவல் துறையில் தட்டச்சராகப் பணிபுரிந்த மாற்றுத்திறனாளி லீசம்மா ஜோசப், சகோதரர் இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் சேர்ந்தவரே அல்ல. ஆனாலும் பதவி உயர்வில் அந்த ஒதுக்கீடு அவருக்கு உண்டு என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, வேலையில் இருக்கும்போதே விபத்திலோ நோயிலோ உடல்திறனை இழந்தவர் செய்வது. “இனி உங்களால முடியாது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க, மரியாதையா போயிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். வீட்டிலும் ஆமாம் போடுவார்கள். அதே 2016 சட்டத்தின் பிரிவு 20(4), அரசு நிறுவனங்கள் அப்படி ஒருவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில், அதே சலுகைகளோடு வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். விலக்கு அளிக்கப்பட்ட பணிகள் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் போரிடும் பிரிவினரை 2021-ல் அப்படி விலக்கியிருக்கிறார்கள். தனியாரில் இந்தப் பிரிவு நேரடியாகச் செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள். அங்கே கையில் இருக்கும் ஆதாரம் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையும் பணி ஒப்பந்தமும்தான்.

எனவே அரசு ஊழியர் என்றால் எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீர்கள். மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையும் எடுக்கும் வேலையை அதே வாரத்தில் தொடங்குங்கள். தற்காலிகச் சான்று என்றால் முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் பெற்ற தேதியும் இருக்கட்டும். ஆணையர் அலுவலகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.