தற்காலிகப் பாதுகாப்போடு நாடு மாறும் ஃப்ரீலான்ஸர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உக்ரைன் போரை அடுத்து 2022 மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைக்குக் கொண்டுவந்த தற்காலிகப் பாதுகாப்பு (உறுப்பு நாட்டில் தங்கவும் வேலை செய்யவும் தரும் உரிமை), 2027 மார்ச் 4 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உக்ரைன் குடிமக்களோடு, போருக்கு முன்பே அவர்களை மணந்து அங்கே வாழ்ந்த வெளிநாட்டவருக்கும் குடும்பத்தினர் என்ற முறையில் இது பொருந்தும். இந்தியர்களும் இதில் அடக்கம். லேப்டாப்பில் சம்பாதிப்பவருக்கு நாடு மாறுவது எளிதாகத் தோன்றும். வேலை கூடவே வரும், பாதுகாப்பு வராது. அடுத்த நாட்டில் அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது, பழைய அனுமதி உயிரோடு இருக்கும்போதே புதிய நாட்டில் விண்ணப்பிப்பதில். உறுப்பு நாடுகள் பதிவுகளை ஒரு பொதுத் தளத்தில் ஒப்பிடுவதால் இரட்டைப் பதிவு தெரிந்துவிடும். வேறு நாட்டில் ஏற்கெனவே அனுமதி பெற்றவரின் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்பதே 2025 ஜூலை நீட்டிப்பு முடிவின் நிலைப்பாடு. விண்ணப்பம் மட்டும் போட்டு, அனுமதி இன்னும் வராதவரின் நிலை வேறு. அதை மட்டுமே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 பிப்ரவரி 27 அன்று ஒரு செக் வழக்கில் தீர்ப்பளித்தது.

அதற்காகப் பழைய அனுமதியை அவசரப்பட்டு ரத்து செய்வது இன்னும் ஆபத்து. முதலில் போகப்போகும் நாட்டின் குடிவரவு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வேறு நாட்டில் பாதுகாப்பு முடித்துக்கொண்டவரை ஏற்பீர்களா, அதற்கு என்ன சான்று வேண்டும், எந்த ஊரில் பதிய வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். கவுன்டரில் வாய்ச்சொல்லாகக் கிடைத்த 'சரி' பின்னால் உதவாது. ஏற்போம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகே ரத்து செய்து, அதற்கான கடிதத்தையும் கையில் வாங்குங்கள். பயோமெட்ரிக் உக்ரைன் பாஸ்போர்ட் இருந்தால் 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம்; அதற்குள் பதிந்துவிட வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) இடையிலான எல்லைகளில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. நீங்கள் வந்த நாளைக் காட்ட பஸ், ரயில் டிக்கெட்டுதான் சான்று, தூக்கிப்போடாதீர்கள். விசா இல்லாமல் தங்கும் உரிமை வேலை செய்யும் உரிமை ஆகாது.

'போய்ப் பார்த்துவிட்டு வரலாம்' என்று கிளம்புபவர்களுக்குப் போலந்தில் வேறொரு சிக்கல்: 30 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் யுகேஆர் நிலை (தற்காலிகப் பாதுகாப்புக்குப் போலந்து தரும் பதிவு) போய்விடும். அதோடு உதவித்தொகையும் நின்றுவிடும்.

வரி விஷயத்தில் தவறான நம்பிக்கைகள் ஏராளம். வாடிக்கையாளர் அமெரிக்காவில், தொழில் பதிவு உக்ரைனில், அங்கே 5% ஒற்றை வரியும் கட்டியாகிவிட்டது, அதனால் இங்கே ஒன்றுமில்லை என்பார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் நாடு அப்படிப் பார்க்காது. ஒரு நாட்டில் தங்கி 183 நாள் ஆகும்வரை வரிக் கவலையில்லை என்பதும் அரைகுறை உண்மைதான். ஜெர்மனியில் நிலையாகத் தங்க வீடு எடுத்த நாளிலேயே வரிக்கு நீங்கள் அந்நாட்டுவாசி ஆகலாம். உலக வருமானம் முழுவதும் கணக்கில் வரும். அங்கே பாதுகாப்பு அனுமதி சுயதொழிலுக்கும் செல்லும். ஆனால் தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் 'எல்ஸ்டர்' என்ற ஆன்லைன் வரித் தளம் வழியே வரி அலுவலகத்துக்குப் பதிவுப் படிவம் அனுப்ப வேண்டும். யோப்சென்டர் என்ற அரசு அலுவலகம் வழியே உதவித்தொகை வாங்குபவர் மாத வருமான மதிப்பீட்டையும் அங்கே தர வேண்டும். நல்ல மாதத்தின் வருமானத்தைச் சொல்லாமல் விட்டால், கூடுதலாக வாங்கிய தொகையைப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். ஃப்ரீலான்ஸருக்கு அது பெரும்பாலும் காய்ந்த மாதத்தில்தான் வந்து சேரும். உதவித்தொகை வாங்காத சுயதொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

போலந்தில் தனிநபர் தொழில் பதிந்திருந்தால், கிளம்பும் முன் அதை மூடுங்கள் அல்லது நிறுத்திவையுங்கள். விட்டுவிட்டால் சமூகக் காப்பீட்டுத் தொகை மாதாமாதம் பாக்கியாக ஏறும்.

கடைசியாக, முகவரிகள். அப்வொர்க் (ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம்), பேயோனியர் (பணம் பெறும் தளம்), வங்கி மூன்றிலும் பழைய நாடே இருந்தால், ஆன்லைன் தளங்கள் வரித் துறைக்கு அனுப்பும் வருமான அறிக்கை பழைய நாட்டுக்கே போகும். அங்கிருந்து கேள்வி வரும். புதிய வசிப்பிட அட்டை வந்த வாரமே மூன்றையும் மாற்றுங்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கொடுத்த டபிள்யூ-8பென் படிவத்தையும் (நீங்கள் வெளிநாட்டவர் என்று அமெரிக்க வரிக்குக் காட்டும் சான்று), நாடு மாறிய 30 நாளுக்குள் புதிதாக நிரப்பிக் கொடுங்கள்.